பஸ் நிறுத்தத்து வெளிச்சம் யாருக்கு?

மாலை ஏழு மணி. கோவில்பட்டிக்கு வெளியே ஒரு கிராமத்து விலக்கு. சுற்றிலும் கரிசல் காடு. ரோட்டோரத்தில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். தீப்பெட்டி ஆபீசில் வேலை முடிந்து, வீட்டுக்குப் போகப் பஸ்சுக்காகக் காத்திருக்கிறார்கள்.

"பஸ் வருதாளா? எட்டிப் பாரு."

"ரெண்டு வெளிச்சம் தெரியுது அத்தை. பஸ்ஸா, லாரியா, ஒண்ணும் புரியலை."

"எதுக்கும் கையைக் காட்டு. பஸ்ஸா இருந்தா நிக்கட்டும்."

கையைக் காட்டினால் மட்டும் போதுமா? காட்டுகிற கை டிரைவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! அங்கே விளக்கு இல்லை.

அதே ஏழு மணி. சென்னைப் பட்டணத்தில் வீடுகள் நெருங்கிய ஒரு தெரு. அங்கேயும் ஒரு பஸ் நிறுத்தம். ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் நகைக் கடை விளம்பரம். உள்ளே விளக்கு பளீர் என்று எரிகிறது. எதிர் வீட்டு அம்மாள் ஜன்னலைச் சாத்துகிறாள். "வெளிச்சம் கண்ணைக் குத்துது, பிள்ளை தூங்க மாட்டேங்குது" என்று ஜன்னல் சந்தில் சேலையைத் தொங்க விடுகிறாள்.

இரண்டும் கற்பனைக் காட்சிகள்தான். ஆனால் இரண்டையும் நம் ஜனங்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். ஓர் இடத்தில் வெளிச்சம் இல்லை. இன்னோர் இடத்தில் வெளிச்சம் தாங்க முடியவில்லை. இரண்டும் பஸ் நிறுத்தம்தான். ஏன் இந்த வித்தியாசம்?

இதற்கு விடை தெரிந்தால், நாளை நம் ஊருக்கும் இந்த விளம்பரப் பெட்டி வரும்போது என்ன கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும்.

தீப்பெட்டியில் இருந்த பாடம்

விளம்பரம் என்பது கோவில்பட்டிக்காரர்களுக்குப் புதிது அல்ல. 1922-ல் சிவகாசியைச் சேர்ந்த ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அந்தத் தொழில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று கரிசல் பூமி முழுவதும் பரவியது. மழை பொய்த்த வருடங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் கஞ்சி ஊற்றியது.

தீப்பெட்டியின் மேலே ஒரு சிறு படம் ஒட்டுவார்கள். அதற்கு லேபிள் என்று பெயர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் படத்தைப் பார்த்து, "மயில் படம் போட்ட பெட்டி கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்டு வாங்கலாம். அதுவும் விளம்பரம்தான். ஆனால் அது நம் கைக்குள் அடங்கிய விளம்பரம். பிடித்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் மடியில் செருகிக்கொள்ளலாம்.

பஸ் நிறுத்தத்து விளம்பரப் பெட்டி அப்படி அல்ல. அதை மடியில் செருக முடியாது. அது நிற்கும் இடம் பொது ரோடு. அது எரியும் நேரம் நாம் தூங்கும் நேரம். அதனால்தான் அதற்கு ஒழுங்கு வேண்டும்.

யோசனை பிறந்த கதை

விளம்பரத்தையும் பஸ் நிறுத்தத்தையும் முதலில் முடிச்சுப் போட்டவர் யார்? பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜான் குளோத் தெகோ என்பவர். ரோட்டோர விளம்பரப் பலகைகள் வைப்பது அவர் தொழில். 1964-ல் பிரான்சு சர்க்கார் அப்படிப்பட்ட பலகைகளுக்குக் கடும் வரி போட்டது. தொழில் படுத்துவிடும் நிலை.

அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. லியான் நகரசபையிடம் போனார். "உங்கள் ஊருக்கு நான் பஸ் நிழற்குடை கட்டித் தருகிறேன். ஒரு காசு தர வேண்டாம். சுத்தம் செய்வதும், பழுது பார்ப்பதும் என் பொறுப்பு. பதிலுக்கு, நிழற்குடையில் விளம்பரம் போட்டுக்கொள்ள எனக்கு உரிமை கொடுங்கள்" என்றார்.

நகரசபைக்குச் செலவு இல்லை. ஜனங்களுக்கு நிழல் கிடைத்தது. கம்பெனிக்கு வருமானம் கிடைத்தது. 1964-ல் லியான் நகரில் தொடங்கிய அந்த ஏற்பாடு பிறகு உலகம் முழுவதும் பரவியது. இன்று சென்னையிலும் பெங்களூரிலும் நாம் பார்க்கும் விளம்பர நிழற்குடைகளுக்கு அடிப்படை அதே பேரம்தான்.

பேரம் நல்ல பேரமா? நல்லதுதான். ஆனால் எந்தப் பேரத்திலும் இரண்டு பக்கம் உண்டு. கொடுக்கிறவர் எதைக் கொடுக்கிறார், வாங்குகிறவர் எதை வாங்குகிறார் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம் அல்லவா? அது போல.

சென்னையில் நடந்தது

ஒரு காலத்தில் சென்னையில் எங்கு பார்த்தாலும் ராட்சத விளம்பரத் தட்டிகள் நின்றன. வீட்டு மாடி, ரோட்டோரம், பாலத்தின் பக்கம் என்று எந்த இடமும் மிச்சம் இல்லை. 1998-ல் சென்னை மாநகராட்சிச் சட்டம் திருத்தப்பட்டது. கலெக்டரின் லைசென்சு இல்லாமல் தட்டி வைக்கக் கூடாது என்று ஆயிற்று. 2003-ல் அதற்கு விதிகள் வந்தன.

விளம்பரக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. சென்னை ஐகோர்ட்டில் அவை தோற்றன. சுப்ரீம் கோர்ட்டுக்கும் போயின. 2008-ல் சுப்ரீம் கோர்ட்டும் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு ஏராளமான தட்டிகள் இறக்கப்பட்டன. சென்னைக்கு மறுபடியும் ஆகாயம் தெரிந்தது!

ஆனால் விளம்பரம் செய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? பெரிய தட்டிக்கு இடம் இல்லை என்றதும், பஸ் நிழற்குடைக்கு மவுசு கூடியது.

இது சென்னையில் மட்டும் நடந்த கதை அல்ல. பிரேசில் நாட்டில் சாவோ பாலோ என்று ஒரு மாபெரும் நகரம் இருக்கிறது. 2007 ஜனவரி 1-ந் தேதி முதல் அங்கே வெளிப்புற விளம்பரங்களுக்கே தடை போட்டார்கள். ஊர் முழுவதும் பலகைகள் கழற்றப்பட்டன. சில வருடங்கள் கழித்து அதே ஊரில் விளம்பரம் திரும்பி வந்தது. எங்கே வந்தது தெரியுமா? பஸ் நிழற்குடைக்கும் தெருக் கடிகாரத்துக்கும்தான்!

முன் வாசலைச் சாத்தினால் பின் வாசல் வழியாக வருவது விளம்பரத்தின் குணம். அந்தப் பின் வாசல் பஸ் நிறுத்தம். பெரிய தட்டி மெயின் ரோட்டில் நிற்கும். பஸ் நிறுத்தமோ வீட்டு வாசலில் இருக்கும். ஆகவே விளம்பர வெளிச்சம் இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது.

காத்திருப்பது யார்?

இப்போது கரிசல் பூமிக்குத் திரும்புவோம்.

2021 மே 8-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணம் இல்லாமல் போகலாம் என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு வட்டாரங்களில் கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரிய உதவி. பஸ்சுக்குக் கொடுத்த காசு வீட்டுக் காய்கறிக்கு ஆயிற்று.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தப் பஸ் வந்தாலும் ஏறிவிடலாம் என்று இல்லை. இலவசப் பஸ் வரும் வரை காத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் போகும். தனியார் பஸ் போகும். அவற்றை விட்டுவிட்டு நிற்க வேண்டும். அப்படி நிற்கும் நேரத்தில் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே இன்று பஸ் நிறுத்தத்தில் அதிக நேரம் நிற்பவர்கள் ஏழைப் பெண்கள். பள்ளிக்கூடம், காலேஜ் போய்த் திரும்பும் பெண் பிள்ளைகள். ஆஸ்பத்திரிக்கு வந்த கிழவிகள்.

வெளிச்சம் யாருக்கு மிகவும் தேவை? இவர்களுக்குத்தான்.

விளம்பரக் கம்பெனி யாரைத் தேடுகிறது? கார் வைத்திருக்கிறவரை. மோட்டார் சைக்கிளில் போகிறவரை. நகை வாங்க, வீட்டு மனை வாங்க, பணம் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்க வசதி உள்ளவரை. அவர்கள் பஸ்சுக்குக் காத்திருப்பவர்கள் அல்ல. பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போகிறவர்கள்!

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பஸ் நிறுத்தம் காத்திருப்பவருக்காகக் கட்டப்பட்டது. விளம்பர விளக்கு தாண்டிப் போகிறவருக்காக எரிகிறது. அதனால் விளம்பரப் பெட்டி கடைவீதிக்கு வரும். நாற்சந்திக்கு வரும். வசதியானவர்கள் குடியிருக்கும் தெருவுக்கு வரும். அங்கெல்லாம் ஏற்கெனவே தெருவிளக்கு இருக்கிறது. வேப்பமரத்தடி விலக்குக்கு அது வராது. அங்கேதான் இருட்டு.

வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது?

"விளம்பரமோ, எதுவோ, விளக்கு எரிந்தால் சரிதானே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இருட்டை விட அது மேல்தான். ஆனால் வெளிச்சத்திலும் இரண்டு வகை உண்டு.

வீட்டுக் கூடத்தில் மேலே ஒரு விளக்கு எரிகிறது. அது கீழே இருப்பவர்கள் மேல் விழுகிறது. முகம் தெரிகிறது. சோறு தெரிகிறது. புத்தகம் தெரிகிறது. இது உதவும் வெளிச்சம்.

அதே இருட்டில் எதிரே ஒருவர் டார்ச்சு லைட்டை நம் முகத்துக்கு நேரே அடிக்கிறார். வெளிச்சம் அதிகம்தான். ஆனால் எதிரே நிற்பவர் யார் என்று தெரிகிறதா? தெரியாது. கண் கூசுகிறது. இது கூசும் வெளிச்சம்.

விளம்பரப் பெட்டி இரண்டாவது வகை. அதன் விளக்கு பெட்டிக்கு உள்ளே இருக்கிறது. வெளிச்சம் பக்கவாட்டில் ரோட்டையும் எதிர் வீட்டையும் நோக்கிப் பாய்கிறது. அதன் பக்கத்தில் நிற்கும் பெண், பெட்டிக்கு அப்பால் இருட்டில் யார் நிற்கிறார் என்று பார்க்க முடியாது. பளீர் வெளிச்சத்தில் பழகிய கண்ணுக்கு இருட்டு இன்னும் கறுப்பாகத் தெரியும். வண்டி ஓட்டி வருகிறவருக்கும் அதே கஷ்டம். பெட்டியைப் பார்த்த கண், ரோட்டைக் கடக்கும் பிள்ளையைக் காணத் தவறலாம்.

டிரைவர்களின் கவனத்தைக் கெடுக்கும் விளம்பரத் தட்டிகள் ஆபத்து என்பது கோர்ட்டே ஒப்புக்கொண்ட விஷயம். 1997-ல் டெல்லி போக்குவரத்து வழக்கில், ரோட்டோரத்தில் ஆபத்தாக இருக்கும் தட்டிகளை அகற்ற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

இன்னொரு விஷயம். பஸ் நிறுத்தத்தில் நாம் படிக்க வேண்டியது எது? எந்தப் பஸ், எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு? இதுதான். முதியோர் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற ஒரு அம்மாள், "விளாத்திகுளம்" என்ற பெயரைத் தானே வாசித்துப் பஸ் ஏறினால் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்! சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயர், சிறு வயதில் தெருவிளக்கில் படித்தவர் என்று சொல்வார்கள். பொது வெளிச்சம் படிக்க உதவ வேண்டும். நகைக் கடைப் படம் ஆள் உயரத்துக்கு ஜொலித்து, பஸ் நேரப் பலகை இருட்டில் கிடந்தால் அது என்ன நியாயம்?

தூக்கமும் பூச்சியும்

இருட்டினால் தூக்கம் வருவது ஏன்? நம் உடம்பில் மெலட்டோனின் என்று ஒரு சுரப்பு இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் அது சுரக்கும். "இரவாகிவிட்டது, ஓய்வு எடு" என்று உடம்புக்குச் சொல்லும். இரவில் கண்ணில் பிரகாசமான வெளிச்சம் பட்டால் அந்தச் சுரப்பு குறையும். நீல நிறம் கலந்த வெள்ளை வெளிச்சம் அதை அதிகமாகக் கெடுக்கும். உடம்புக்குள் இருக்கும் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த 3 அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கரிசல் பூமியில் கோடை என்றால் சொல்லவே வேண்டாம். ஜன்னலைச் சாத்தினால் வேர்வை. திறந்தால் வெளிச்சம். திண்ணையிலும் மொட்டை மாடியிலும் பாய் விரித்துப் படுப்பவர்கள் எங்கே போவார்கள்? குளிர்சாதன அறை உள்ளவர் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவார். ஏழைக்கு இருட்டுதான் திரை. அதையும் பறித்துவிடக் கூடாது.

விளக்குக்குப் பூச்சி வரும் என்பதைக் கரிசல் விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மழை பெய்த மறுநாள் ஈசல் எங்கே கூடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடலைக் காட்டில் கம்பளிப் புழு வராமல் இருக்க, அதன் தாய் அந்துப்பூச்சியை விளக்குப் பொறி வைத்துப் பிடிக்கிறோம். பயிருக்கு உதவும் பூச்சிகளும் வெளிச்சத்துக்கு வந்து சாகும். ஆகவே விளக்குப் பொறியைக்கூட இரவு முழுவதும் எரிய விடாமல், முன்னிரவில் மட்டும் எரிய விடுவது நல்லது. விளம்பரப் பெட்டியும் ஒரு விளக்குப் பொறிதான். ஆனால் அது விடிய விடிய எரிகிறது!

ஒரு சின்னக் கணக்கு

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு விளம்பரப் பெட்டி 200 வாட் மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாலை 6 மணிக்கு எரியத் தொடங்கிக் காலை 6 மணிக்கு அணைகிறது. மொத்தம் 12 மணி நேரம். 200-ஐ 12-ஆல் பெருக்கினால் 2,400. அதாவது ஓர் இரவுக்கு 2.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு, 60 இரவுகளுக்கு, 144 யூனிட்.

2016 மே மாதம் தமிழ்நாடு சர்க்கார் வீடுகளுக்கு ஒரு சலுகை அறிவித்தது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு சிறு வீட்டில் விளக்கு, விசிறி, டெலிவிஷன் எல்லாம் அதற்குள் ஓடிவிடும் என்பது அதன் கணக்கு. ஆள் இல்லாத தெருவில் ஒற்றை விளம்பரப் பெட்டி அதை விட அதிகமாகச் சாப்பிடுகிறது!

கம்பெனிதானே பில் கட்டுகிறது என்று சொல்லலாம். சரி. ஆனால் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டியை அணைத்தால் பாதி மின்சாரம் மிச்சம். 144 யூனிட் 72 ஆகிவிடும். அந்த 72 யூனிட்டில் ஒரு விலக்கில் 20 வாட் விளக்கு ஒன்றைத் தினமும் 12 மணி நேரம் எரிய விட்டால், ஐந்து இடங்களில் எரிய விடலாம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். சரியாக வரும்.

மழை, இரும்பு, மின்சாரம்

தூக்கத்தை விடப் பெரிய விஷயம் உயிர். 2023 ஜூன் 1-ந் தேதி கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே ஒரு ராட்சத விளம்பரத் தட்டியின் இரும்புச் சட்டம் சரிந்தது. வேலை செய்துகொண்டிருந்த 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2019 செப்டம்பர் 12-ந் தேதி சென்னைப் பள்ளிக்கரணையில் ரோட்டில் வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம் பெண் விழுந்தாள். பின்னால் வந்த லாரி ஏறி இறந்தாள்.

பஸ் நிறுத்தப் பெட்டி அவ்வளவு பெரியது அல்ல. ஆனால் அதற்கு வேறு ஆபத்து இருக்கிறது. அது இரும்புச் சட்டம். உள்ளே மின்சாரம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. நனையாமல் இருக்க ஜனங்கள் அந்தச் சட்டத்தை ஒட்டித்தான் நிற்பார்கள். பிள்ளைகள் கம்பியைப் பிடித்துச் சுற்றுவார்கள். ஒரு வயர் தோல் உரிந்தால் என்ன ஆகும்?

இதற்குப் பரிகாரம் கஷ்டமானது அல்ல. நல்ல எர்த் கம்பி போட வேண்டும். மின்சாரம் கசிந்தால் தானே நிறுத்திவிடும் சுவிட்சு வைக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு வருடமும் சோதிக்க வேண்டும். சோதித்த தேதியைப் பெட்டியிலேயே எழுதி ஒட்ட வேண்டும். பார்க்கிற எவரும் தெரிந்துகொள்ளலாம்.

பிரான்சு காட்டும் வழி

விளம்பர நிழற்குடையைக் கண்டுபிடித்த பிரான்சு நாடே அதற்குக் கடிவாளமும் போட்டிருக்கிறது. 2022 அக்டோபரில் அங்கே ஓர் உத்தரவு வந்தது. நாடு முழுவதும் ஒளி விளம்பரங்களை இரவு 1 மணி முதல் காலை 6 மணி வரை அணைத்துவிட வேண்டும் என்று அது சொன்னது.

பஸ் நிறுத்தத்துக்கு ஒரு விலக்கு கொடுத்தார்கள். பஸ் ஓடும் நேரத்தில் அங்கே விளம்பரம் எரியலாம். பஸ் ஓடி முடிந்துவிட்டால் எரியக் கூடாது.

எவ்வளவு எளிய நியாயம் பாருங்கள்! பஸ்சுக்கு ஆள் காத்திருக்கும் வரை வெளிச்சம் இருக்கட்டும். ஆள் இல்லாத பிறகு யாருக்காக எரிகிறது? இதைக் கோவில்பட்டியிலும் செய்யலாம், சென்னையிலும் செய்யலாம். "கடைசிப் பஸ் போனதும் விளம்பரம் தூங்கட்டும்" என்று ஒரே வரியில் விதி எழுதிவிடலாம்.

நாம் கேட்க வேண்டியது என்ன?

ஊராட்சிகளுக்கும் நகரசபைகளுக்கும் பணம் தேவை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது விளம்பர வரி அதில் கரைந்துவிட்டது. லைசென்சுக் கட்டணமும் இடத்துக்கான வாடகையும்தான் மிச்சம். ஆகவே ஒரு கம்பெனி வந்து, "இலவசமாக நிழற்குடை கட்டுகிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. சொல்லவும் வேண்டாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஐந்து விஷயம் கேட்க வேண்டும்.

முதலாவது, ஒன்றுக்கு ஒன்று. கடைவீதியில் ஒரு விளம்பர நிழற்குடை வைத்தால், விளம்பரம் ஓடாத ஒரு கிராம விலக்கிலும் ஒரு நிழற்குடை கட்டித் தர வேண்டும். அதில் சூரிய ஒளி விளக்கு வைக்க வேண்டும். வெயிலுக்குக் கரிசல் பூமியில் பஞ்சம் இல்லை! நகரசபை எல்லை வேறு, ஊராட்சி எல்லை வேறு என்றால், கலெக்டர் நடுவில் இருந்து இரண்டையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகச் செய்யலாம்.

இரண்டாவது, முதலில் பயணி விளக்கு. கூரையிலிருந்து கீழே பார்க்கும் விளக்கு கட்டாயம் வேண்டும். அது காத்திருப்பவர் மேலும், பஸ் நேரப் பலகை மேலும் விழ வேண்டும். விளம்பர விளக்கு அணைந்தாலும் அது அணையக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனி சுவிட்சு இருக்க வேண்டும்.

மூன்றாவது, குடியிருப்புத் தெருவில் கட்டுப்பாடு. ஜன்னலுக்கு நேரே பெட்டி வைக்கக் கூடாது. மினுக்கும் விளக்கு, ஓடும் படம் கூடவே கூடாது. கடைசிப் பஸ் போனதும் விளம்பரம் அணைய வேண்டும். எதிர் வீட்டுக்காரர்களைக் கேட்ட பிறகே இடம் முடிவு செய்ய வேண்டும்.

நான்காவது, பொறுப்பு. பெட்டியை நிறுவியவர் யார், லைசென்சு எண் என்ன, எந்தத் தேதி வரை செல்லும், புகார் சொல்ல எந்தப் போன் நம்பர் என்று பெட்டியின் மேலேயே பெரிய தமிழ் எழுத்தில் போட வேண்டும்.

ஐந்தாவது, விளம்பரத்தின் தரம். சிகரெட்டு, புகையிலை விளம்பரத்தை 2003-ம் வருடச் சட்டமே தடுக்கிறது. பிள்ளைகள் தினமும் நின்று பார்க்கும் இடம் பஸ் நிறுத்தம். அங்கே எது வரலாம், எது வரக் கூடாது என்று சொல்ல ஊருக்கு உரிமை இருக்க வேண்டும்.

இவற்றைக் கேட்டால் கம்பெனி ஓடிவிடுமா? ஓடாது. நல்ல இடம் கிடைத்தால் லாபம் உண்டு என்று அதற்குத் தெரியும். நாம் கேட்காவிட்டால்தான் அது கொடுக்காது.

கேட்பது எப்படி?

இந்தச் சங்கதி எல்லாம் அதிகாரிகள் பார்க்க வேண்டியது, நமக்கு என்ன என்று இருந்துவிடக் கூடாது. ரோடு நம்முடையது. கிராமத்தில் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். "எங்கள் விலக்கில் விளக்கு இல்லை" என்று ஒரு பெண் எழுந்து சொன்னால், அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். நகரத்தில் வார்டு கவுன்சிலர் இருக்கிறார். தெருவில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லையா? 2005-ம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நகல் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். ஏழை என்று சான்று உள்ளவருக்கு அதுவும் இல்லை.

மின்சாரம் வருமுன் கரிசல் கிராமங்களில் அரிக்கேன் விளக்குதான் வெளிச்சம். பொழுது சாய்ந்தபின் வீட்டுக்கு வர வேண்டியவர் வரவில்லை என்றால், அந்த விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் எல்லை வரை போய் நிற்பார்கள். வருகிறவருக்கு வழி தெரிய வேண்டும் என்பதற்காக.

விளக்கு என்பது அதற்குத்தான். விளம்பரம் வரட்டும். காசு வரட்டும். நிழற்குடையும் வரட்டும். ஆனால் வேப்பமரத்தடியில் நிற்கும் அந்த அத்தையும் மருமகளும் கையைக் காட்டினால், அந்தக் கை டிரைவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு விளக்கு எரிந்த பிறகு, நகைக் கடை விளக்கு எரியட்டும்!